சகுனச் சிரிப்பு

திங்கள்

கந்தகனுக்குத் துக்கம் கிடைத்துவிட்டது என்று லோகு அண்ணன் காலையில் சொன்னார். எங்கள் பதிவுக்கூடத்தில் இப்படித்தான் பேசுவோம். நாயகிக்கு வெட்கம் கிடைத்துவிட்டது, மாமனாருக்குக் கோபம் இன்னும் கிடைக்கவில்லை. வெளியாள் கேட்டால் பைத்தியங்கள் என்று நினைப்பார்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன். ஒளியும் ஒலியும் போல இப்போது படத்துக்கு உணர்வுத் தடம் என்று ஒன்றும் உண்டு. தியேட்டர் இருக்கையில் தலை சாயும் இடத்தில் ஒரு பட்டை இருக்கிறது. திரையில் இருப்பவர் பயந்தால் பார்ப்பவரின் வயிறும் சில்லிடும். ஆனால் நடிகர்களின் தலையில் கருவியை மாட்டி எடுத்த தடம் எதுவும் தேறவில்லை. அழுகிற காட்சியில் அவர்களுக்குள் ஓடுவது பெரும்பாலும் பசியும், விளக்கு கண்ணில் குத்துகிற எரிச்சலும்தான். அப்படி வந்த முதல் படத்தைப் பார்த்தவர்கள், நாயகனின் அம்மா இறந்தபோது தங்களுக்கு ஏனோ பிரியாணி ஞாபகம் வந்தது என்றார்களாம். அதற்குப் பிறகு நடிப்பவர் ஒருவர், உணர்பவர் இன்னொருவர் என்று ஆகிவிட்டது. நிஜமாகவே இழந்தவர்களைத் தேடிப் பிடித்து, உட்காரவைத்து, நினைக்கச் சொல்லிப் பதிவு செய்கிறோம். அவர்களுக்குத் தடக்காரர் என்று பெயர்.

அவர்களிடம் கேள்வி கேட்பது என் வேலை. மாலையில் நான் உளவியல் பட்டய வகுப்புக்குப் போவதால் என்னிடம் கொடுத்தார்கள். அங்கே இன்னும் முதல் பருவமே முடியவில்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

கந்தகன், நீலவேங்கை காமிக்ஸில் வரும் வில்லன். முகத்தில் மஞ்சள் துணி சுற்றியிருப்பான். ஊர் ஊராகக் கொளுத்துவான். ஏன் கொளுத்துகிறான் என்று எந்த இதழிலும் சொல்லவில்லை. துணிக்கு அடியில் இருக்கும் முகத்தையும் காட்டவில்லை. எங்கள் இயக்குநர் இளம்பரிதி சின்ன வயதிலிருந்தே அந்தத் துணியை அவிழ்த்துப் பார்க்க ஆசைப்பட்டவர். அவருடைய படத்தில் நீலவேங்கை கிடையாது. கந்தகன் கந்தகனாக ஆன கதை மட்டும். பட்டாசு ஆலைக்காரன் ஒருவன் வெடிவிபத்தில் மகளைப் பறிகொடுக்கிறான். கரிந்த கொட்டகைக்கு முன்னால் மண்டியிடுகிறான். எழும்போது வேறு ஆளாக எழுகிறான். மண்டியிடுவதற்கும் எழுவதற்கும் நடுவில் உள்ளதற்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தோம்.

வந்தவர் பெயர் கடற்கரை. விருதுநகர்ப் பக்கம். பட்டாசு ஆலை வெடியில் மகளை இழந்தவர். அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு.

"கடற்கரைன்னா மெரினாவா, பெசன்ட் நகரா?" என்றார் லோகு அண்ணன்.

"ரெண்டையும் பாத்ததில்லைங்க. எங்க ஊருல கண்மாயே காஞ்சு கெடக்கு."

பதிவுக்கு முன்னால் எல்லாரிடமும் ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டேன். அவர் துண்டை மடியில் போட்டு நீவிக்கொண்டே பேசினார்.

"பேப்பர்ல ஒத்த வரி போட்டான் தாயி. பெண் தொழிலாளி பலின்னு. பேருகூடப் போடல. எம்மக பேரு மாரிக்கனி. கேஸும் ஒண்ணுமில்லாமப் போச்சு. இந்தப் படத்தப் பாத்தா, பாக்குறவுக எல்லாத்துக்கும் எனக்கு வந்த அதே வலி வரும்னு சொன்னாக. நெசமா?"

"வரும் அய்யா."

"எல்லாத்துக்குமா? மொதலாளிமாருக வந்து பாத்தாலும்?"

"யார் உட்கார்ந்தாலும் வரும்."

"அது போதும் தாயி."

வேறு எதையும் அவர் கேட்கவில்லை. படம் எதைப் பற்றியது என்றுகூடக் கேட்கவில்லை. வில்லன் கதை என்று நானாகச் சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் படித்தாரா என்று தெரியாது.

தடம் எடுக்கும் குல்லாயை அவர் தலையில் மாட்டினோம். என் முன்னால் இருக்கும் திரையில் பல கோடுகள் ஓடும். துக்கம் நீலம், மகிழ்ச்சி பச்சை. நான் காலையிலிருந்து சொல்லச் சொன்னேன்.

"காலைல வயிறு வலிக்குதுப்பான்னா. சரம் பின்ன ஆளில்லத்தா, அரை நாள் பாத்துட்டு வந்துருன்னு நாந்தான் அனுப்புனேன்." மடியிலிருந்த துண்டை மடித்தார். "நான் டீக்கடையில இருந்தேன். மொதல்ல சத்தம் வரல தாயி. கையில கெளாசு ஆடுச்சு. என்னடா இதுன்னு பாக்கேன், அப்புறந்தான் சத்தம் வந்துச்சு. ஓடுனேன். வேலிக்கிட்ட வேப்பமரத்துல பொம்பளையாளுக தூக்குவாளியெல்லாம் தொங்குது. ஒண்ணுகூடக் கீழ விழல. எம்புள்ள வாளியும் அப்படியே ஆடாமத் தொங்குது. அதப் பாத்துட்டு, சரி, ஒண்ணும் ஆகலன்னு நெனச்சிட்டேன். நெனச்சிட்டுத்தான் பட்டாசுச் செட்டுப் பக்கம் போனேன்…"

அதற்குமேல் அவர் வாயால் சொல்லவில்லை. நீலக் கோடு திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. இவ்வளவு உயரம் போய் நான் பார்த்ததில்லை. அவர் அழவில்லை. கைகள் மட்டும் முழங்காலைப் பிடித்திருந்தன.

இறங்கும்வரை காத்திருந்தோம். இறங்கியதும் லோகு அண்ணன் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"ஐயா, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சிடுங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

லோகு அண்ணன் சினிமாவில் பழைய ஆள். பிலிம் சுருள் காலத்திலேயே கேமரா உதவியாளர். சாவுக் காட்சி எடுத்தால், செத்ததாகப் படுத்த நடிகர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அப்போதுதான் அபசகுனம் கழியும். கேமரா ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டும். ஓடாத கேமராவுக்குச் சிரித்தால் பலன் இல்லையாம். அந்தத் துண்டை எடிட்டர் பிறகு வெட்டித் தள்ளிவிடுவார். கேமராக்கள் மாறி, எடிட்டர்கள் போய், குல்லாய் வந்த பிறகும் அண்ணன் இதை விடவில்லை. சாவுத் தடம் கொடுத்த எவரையும் அவர் சிரிக்காமல் அனுப்பியதில்லை.

"செத்தது எம்மகளுங்க," என்றார் கடற்கரை. "நான் நடிக்கலியே."

"அதான் இன்னும் முக்கியம். வீட்ல யார் இருக்கா?"

"சம்சாரம் இருக்கா."

"அந்த அம்மாவுக்காகச் சிரிங்க. இந்த ரூம்ல கிளம்பினது இந்த ரூமோட போகட்டும்."

அவர் முயன்றார். பல் தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. லோகு அண்ணன் விடவில்லை. "பேர்ல ஒரு கடலையே வெச்சிருக்கீங்க, வீட்ல தண்ணி லாரிக்குக் கொடத்தத் தூக்கிட்டு ஓடறீங்க. ஏன்யா, ஒங்கப்பாரு குளத்தங்கரைன்னாவது வெச்சிருக்கலாம்ல?"

கடற்கரை சிரித்துவிட்டார். உடம்பு குலுங்க, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இதேதான்… எம்புள்ளையும் இதேதான் சொல்லுவா. அப்பா, கடல வித்து ஒரு கொடம் தண்ணி வாங்குப்பாம்பா."

பச்சைக் கோடு அழகாக மேலே போனது. லோகு அண்ணன் கைகூப்பிவிட்டுப் பதிவை நிறுத்தச் சொன்னார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

வெள்ளி

இன்று பொருத்திப் பார்த்தோம். தடத்தைக் காட்சியோடு சேர்க்கிற இயந்திரத்துக்குப் பொருத்தி என்று பெயர். நடிகர் வெறும் முகத்தோடு மண்டியிட்டு எழுந்துவிட்டுப் போய்விடுவார். பொருத்தி தடத்தை வாங்கிக்கொண்டு, அதற்கேற்ற முகத்தை அவருக்குச் செய்து கொடுக்கும். எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்யும். எதையும் வீணாக்காது என்பதுதான் அதன் பெருமை.

முன்னோட்ட அறையில் இளம்பரிதி, லோகு அண்ணன், நான். பட்டையில் தலையைச் சாய்த்தோம்.

நான் உணர்ந்ததை அப்படியே எழுத வேண்டும். எனக்குக் குழந்தை இல்லை, திருமணமும் ஆகவில்லை. ஆனால் திரையில் அந்த ஆள் கொட்டகையை நோக்கி ஓடியபோது என் மகளைத் தேடித்தான் நான் ஓடினேன். சரி, ஒண்ணும் ஆகல என்று நெஞ்சு ஒரு கணம் லேசானது. பிறகு கனத்தது. மூச்சு எங்கே போனது என்று தெரியவில்லை. அவன் மண்டியிட்டான். அந்த இருட்டின் உச்சியிலிருந்து, தொண்டையில் இனிப்பாக ஏதோ அவிழ்ந்தது. சிரிப்பு. செல்லமான, வயிறு குலுங்கும் சிரிப்பு. திரையில் அவன் முகத்தை மூடியிருந்த கையை எடுத்தான். கரிந்த கொட்டகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது. அதைத்தான் எழுதக் கை வரவில்லை. நன்றாக இருந்தது.

விளக்கு வந்ததும் இளம்பரிதி எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இதுதான்," என்றார். "துணிக்கு அடியில என்ன இருக்குன்னு இத்தனை வருஷமா தேடினேன். அழுகை இருக்கும்னு நெனச்சேன். கோபம் இருக்கும்னு நெனச்சேன். ச்சே, எவ்ளோ சின்னப்புள்ளத்தனமா யோசிச்சிருக்கேன்!"

"சார், அது சகுனத்துக்கு எடுத்தது," என்றார் லோகு அண்ணன். முகம் வெளுத்திருந்தது. "அந்தத் துண்டு படத்துக்கு இல்ல சார். எப்பவும் வெட்டிடுவாங்க."

"யாரு வெட்டுவா? எடிட்டர் வேலைய ஒழிச்சே வருஷமாச்சு. உங்க சகுனம்தாண்ணே இந்தப் படத்தோட உயிரே. உங்களுக்கு மாலை போடணும்."

இந்த மாதிரி இடங்களில் நான் பேசுவதில்லை. எனக்குத் தெரிந்தது பாதி, அந்தப் பாதியும் சரிதானா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. இன்று பேசிவிட்டேன்.

"சார், அவர் மகளோட கேலியை நினைச்சுச் சிரிச்சார். மகள் செத்த இடத்துல அவர் சிரிக்கலை."

"பிரிசில்லா, அது பொய்ச் சிரிப்பா?"

"இல்ல சார்."

"அந்தத் துக்கம்?"

"நிஜம்."

"ரெண்டும் நிஜம். இடத்தைத்தான் மாத்தியிருக்கு. படம்னாலே இடம் மாத்தறதுதானேம்மா."

கடற்கரை மகளை இழந்த வலி எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று வந்தவர், பார்க்கிறவர்கள் அவரை என்னவென்று நினைப்பார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"அவரையா? கந்தகனைத்தானே நினைப்பாங்க." பிறகு கொஞ்சம் இறங்கினார். அவர் கெட்டவர் இல்லை. "இங்க பாரு. ஒப்பந்தப்படி தடக்காரர் வந்து, உட்கார்ந்து, பார்த்துச் சரின்னாதான் வெளியிடலாம். அவர் பார்த்துட்டு வேணாம்னா வெட்டிடறேன். சத்தியமா. ஆனா பார்க்காமலே அதை மட்டும் வெட்டுன்னா செல்லாது. அது எனக்குத் தெரியாத யாரோ எழுதின சட்டம்."

திங்கள்

வகுப்பு முடிந்ததும் ஷாகிராவைப் பிடித்துக்கொண்டேன். அவள் பகலில் மனநோய்ப் பிரிவில் செவிலியர். பாடத்தில் எனக்குப் புரியாததை எல்லாம் அவள்தான் கல்லூரி வாசல் டீக்கடையில் புரியவைப்பாள்.

பெயர்களைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த ஆளை அதைப் பார்க்க விடாதே," என்றாள்.

"ஏன்?"

"ஞாபகம்னா பீரோல மடிச்சு வெச்ச புடவைன்னு நெனச்சிட்டிருக்கியா? எடுத்துப் பார்த்துட்டு அப்படியே திருப்பி வெக்க? நேத்து பூசின சிமெண்ட் தரைடி அது. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் மறுபடி ஈரமாகும். ஈரமா இருக்கறப்ப யார் கால் வெச்சாலும் தடம் பதிஞ்சிடும். அப்புறம் காஞ்சா அதுதான் தரை. உங்க கூடத்துல அவரை நினைக்கவெச்சு ஈரமாக்கிட்டீங்க. இப்ப அந்தப் பட்டையில உட்கார வெச்சா, அவரோட சொந்த வலி, சொந்தச் சிரிப்பு, ரெண்டையும் ஒட்டவெச்சு அவருக்குள்ளேயே திரும்ப ஊத்துவீங்க. வேற ஆளோட தடம்னாலாவது உடம்பு தள்ளிவிடும். இது அவரோடது. மடமடன்னு வாங்கிக்கும்."

"பார்த்தாத்தானே வேணாம்னு சொல்ல முடியும்?"

"பார்த்தா வேணாம்னு சொல்ற ஆளாவே இருக்க மாட்டாரோ என்னவோ." டீயைக் குடித்தாள். "நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். கொஞ்ச மாசம் யாரும் அவரைக் கிளறாம விட்டா தானா ஆறிடும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் அதைச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது, அவளுக்கும் சந்தேகம் உண்டு என்று. ஆறுதல் வந்திருக்கக் கூடாது.

செவ்வாய்

அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவி எடுத்தார். நான் யாரென்று தெரிந்ததும் அவர் குரல் மாறியது.

"படம் எப்பம்மா வருது? நாங்க வேன் பேசி வெச்சிருக்கோம். எங்க தெருவே வருது. அவ கூட வேல பாத்த புள்ளைக, சூப்பர்வைசர் வீட்ல, எல்லாரும் வராக."

கடற்கரையிடம் கொடுக்கச் சொன்னேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் பேசினேன். ஆனாலும் குழறியது. இயந்திரம் ஒரு தப்பு செய்துவிட்டது, உங்கள் துக்கத்தோடு நீங்கள் கடைசியில் சிரித்த சிரிப்பைச் சேர்த்துவிட்டது, அதைப் பார்த்தால் உங்கள் மனசுக்குள்ளும் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம், ஆகவே முன்னோட்டத்துக்கு வராதீர்கள் என்றேன்.

"வரலேன்னா?"

"வரலைன்னா நீங்க சரின்னு சொன்னதா ஆகாது. உங்க தடத்தை அவங்க பயன்படுத்த முடியாது."

"அப்ப எம்மக படத்துல இருக்க மாட்டா."

"இருக்க மாட்டாங்க அய்யா. வேற யாரோட துக்கமாவது…"

"வேற ஆளோடதா?" அவர் கோபப்பட்டு நான் கேட்டது இதுதான் முதல் முறை. "அது எவன் புள்ளையோ, எப்படிச் செத்துச்சோ. இது எம்மக தாயி. நான் வந்து பாக்கேன். பாத்து, அந்தச் சிரிப்ப மட்டும் எடுங்கய்யான்னு சொல்றேன். எடுத்துருவாகள்ல?"

"எடுத்துடுவாங்க. சொல்லியிருக்காங்க."

"பெறகென்ன? சிரிக்கலைங்கறது எனக்குத் தெரியாதா? எந்த மிசினு வந்து சொன்னாலும் நம்ப நான் என்ன கூறுகெட்டவனா?"

அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னார். நான் படித்தது முதல் பருவம்கூட இல்லை. ஷாகிராவே தப்பாக இருக்கலாம் என்றாள். சரி அய்யா, வாங்க என்று சொல்லிவிட்டேன்.

வியாழன்

வந்தார். அதே வெள்ளைச் சட்டை. முன்வரிசையில் நடுவில் உட்காரவைத்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், என் பட்டையை அணைத்துவிட்டு. அதனால் இன்று எனக்கு வெறும் படம்தான் தெரிந்தது.

கொட்டகை தெரிந்ததும் அவர் கைப்பிடியை இறுக்கினார். தூக்குவாளிகள் தொங்கும் மரம் படத்தில் இல்லை. அதைத் திரையில் தேடினார் என்று நினைக்கிறேன், தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. திரையில் இருந்தவன் மண்டியிட்டான். கையை எடுத்தான். சிரித்தான்.

அதற்குமேல் நான் திரையைப் பார்க்கவில்லை. கடற்கரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே சிரிப்பு அங்கேயும் இருந்தது. மேலே சிரிப்பும், கண்ணில் அதை நிறுத்தத் தெரியாத திகைப்பும்.

விளக்கு வந்தது. அவர் துண்டால் வாயை அழுத்தித் துடைத்தார்.

"இல்ல," என்றார். "நான் அப்பச் சிரிக்கல. இது வேண்டாம்யா. எடுத்துருங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஷாகிரா தப்பு, நல்லவேளை என்று நினைத்தேன்.

இளம்பரிதி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதையும் நான் எழுத வேண்டும். "எடுத்துடறேன் அய்யா," என்றார். பொருத்தியை இயக்குகிற பையனைக் கூப்பிட்டார். அங்கேதான் சிக்கல் வந்தது. பொருத்திய பிறகு மூலப் பதிவைத் தனியாக வைப்பதில்லை; சேர்ந்துவிட்ட தடத்தில் துக்கம் எங்கே முடிகிறது, சிரிப்பு எங்கே தொடங்குகிறது என்று இயந்திரத்தால் பிரிக்க முடியவில்லை. ஒன்றை வெட்டினால் மற்றதும் சேர்ந்து போனது.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் இளம்பரிதி. "வேற தடக்காரரைப் பார்க்கலாம். இல்லைன்னா அய்யாவே இன்னொரு தடவை கொடுக்கலாம். இந்தத் தடவை யாரும் எதுக்கும் சிரிக்கச் சொல்ல மாட்டோம். லோகு அண்ணே?"

லோகு அண்ணன் மூலையில் நின்றிருந்தார். "சத்தியமா சொல்ல மாட்டேன் சார். நான் அந்த ரூமுக்குள்ளயே வரலை."

"கொஞ்ச மாசம் போகட்டும் சார்," என்றேன்.

"ரிலீஸ் தேதி சொல்லியாச்சேம்மா."

கடற்கரை யாரையும் பார்க்காமல் எழுந்தார். "இப்பவே எடுத்துருவோம் தாயி. வேன் பேசி வெச்சிருக்கா அவ."

அதே நாற்காலி, அதே குல்லாய். லோகு அண்ணன் கண்ணாடிக்கு வெளியே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் கேட்டேன், அவர் சொன்னார். காலையில் வயிற்றுவலி. டீக்கடை. ஆடிய கிளாஸ். வேப்பமரம். போன முறை சொன்ன அதே சொற்கள், ஏறக்குறைய அதே வரிசை. நீலக் கோடு ஏறிக்கொண்டே போனது. நான் பச்சையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் படுத்துக் கிடந்தது.

"…நெனச்சிட்டுத்தான் செட்டுப் பக்கம் போனேன்."

இந்த முறை நிறுத்தவில்லை. "போயி நின்னேன். புகை. உள்ள பாத்தேன்." அவர் உதடு விரிந்தது. பச்சைக் கோடு எழுந்தது. போன முறையைவிடச் செங்குத்தாக, நீலத்தைத் தொட்டுக்கொண்டே எழுந்தது. யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை.

அவர் விரல்களால் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

"டேக் ஓகே," என்றது ஒலிபெருக்கி. இளம்பரிதியின் குரல் மிக மெதுவாக, கோயிலில் பேசுவது போல இருந்தது.

"நான் இப்பச் சிரிச்சனா தாயி?"

பொய் சொல்லியிருக்கலாம். என் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். "அது படத்தோட வேலை அய்யா," என்றேன். "அதைப் பார்த்ததாலதான் இப்படி. நீங்க அன்னைக்குச் சிரிக்கலை."

"எனக்குச் சிரிச்ச மாதிரிதான் ஞாபகம் இருக்கு."

"இல்ல. கொஞ்ச நேரம் முன்னால நீங்களேதான் சொன்னீங்க, சிரிக்கலைன்னு. போன்லயும் சொன்னீங்க."

"சொன்னேன்." யோசித்தார். "யாருதான் ஒத்துக்குவா? எம்புள்ளைய வயித்துவலியோட நாந்தான் அனுப்புனேன். அப்படிப்பட்டவன் என்ன செஞ்சிருப்பான்னு யாருக்குத் தெரியும்?"

"நிச்சயமாச் சிரிக்கலை அய்யா. நிச்சயமா."

நான் எதையும் அப்படிச் சொல்கிறவள் இல்லை. என் பதில்தாள்களில்கூட 'ஒருவேளை' என்று எழுதி மதிப்பெண் இழப்பவள். அவர் கோபமில்லாமல் என்னைப் பார்த்தார்.

"நீ அங்கன இல்லியே தாயி."

இளம்பரிதி தாள்களோடு வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "அய்யா, இப்பவும் உங்களுக்கு வேணாம்னா விட்டுடலாம். நான் வற்புறுத்தலை. உங்க முடிவுதான்."

"இருக்கட்டும். மறைச்சா அது வேற பாவம்."

அவர் கையெழுத்து போடத் தெரிந்தவர். தமிழில், எழுத்தெழுத்தாக, முழுப் பெயரையும் போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, இயக்குநருக்குக் கேட்காத மாதிரி என் பக்கம் சாய்ந்தார்.

"எங்க ஊருப் பக்கம் மட்டும் இந்தப் படத்தப் போடாம இருக்க முடியுமா தாயி? எஞ்சம்சாரம் வந்து அந்த நாக்காலியில உக்காருவா."

இளம்பரிதிக்குப் பாதி கேட்டுவிட்டது. முகம் மலர நிமிர்ந்தார்.

"என்ன அய்யா இப்படிச் சொல்லிட்டீங்க? முதல் காட்சியே உங்க ஊர்லதான்."